திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள்

தேநீர் குடிக்க எழுந்தால்கூட நான் என் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அடுத்த மேசையில் ஒரு பேனா வாங்கிவரப் போவதானாலும் அப்படித்தான். கை தானாகப் போய் அந்த இரண்டு விசைகளையும் அழுத்திவிடும். அடுப்பை அணைத்தோமா என்று சிலர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. இந்தப் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதில் நான் தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், என்னைப் பற்றி நீங்கள் வேறு என்ன எழுதிக்கொண்டாலும் சரி, கவனக்குறைவானவள் என்று மட்டும் எழுதிவிடக்கூடாது.

நீங்கள் கேட்பது என் தங்கையின் மின்னஞ்சல் விஷயம். அவளுக்குக் கடல் தாண்டி ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று அவள் கணக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. வேலை கைவிட்டுப் போயிற்று. அதை அனுப்பியவர் என்று அவளோடு ஒரே ஆய்வறையில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவரை வெளியேற்றினார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பையன் மேல்முறையீடு செய்திருக்கிறான். அதை விசாரிக்க நீங்கள் வெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பழையதைக் கிளற வேண்டாம், எனக்கு யார் மீதும் புகார் இல்லை என்று என் தங்கையே இன்று காலை உங்களுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். அந்தத் தாள் உங்கள் முன்னால்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

முதலில் கேக் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேருகிறவர்களைப் பெரிய அரங்கில் உட்காரவைத்து, கணினியையும் நெட்வொர்க்கையும் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று நான்தான் பேசுவேன். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள், அடுத்தவர் அஞ்சலை வாசிக்காதீர்கள், திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் பாதித் திரைகள் அப்படியே திறந்து கிடக்கும், ஆளைக் காணோம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திறந்து கிடந்த ஒரு கணினியில் உட்கார்ந்து, அதன் சொந்தக்காரர் பெயரிலேயே துறை முழுமைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: "நாளை மதியம் என் செலவில் எல்லோருக்கும் கேக்." மறுநாள் அந்த மனிதர் அசடு வழியக் கேக் பெட்டியோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. "உனக்குக் கேக் வெச்சுட்டாங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். துறைத் தலைவருக்கே ஒருமுறை வைத்துவிட்டார்கள், மனிதர் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுத்தார். என் பேச்சு செய்யாததைக் கேக் செய்தது. இதில் கில்லாடி நெட்டைதான். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், பூனை மாதிரிப் போய் உட்கார்ந்துவிடுவான்.

விதிமுறையையும் நான்தான் எழுதினேன். "உங்கள் கணக்கிலிருந்து நடக்கும் எதற்கும் நீங்களே பொறுப்பு" என்ற வரி என்னுடையது. விதிமுறைக் குழுவில் இருந்த சட்டப் பேராசிரியர், "வேறொருவர் செய்தது என்று தெரியவந்தாலொழிய" என்று சேர்க்கச் சொன்னார்.

"ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் பூந்துட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"பூட்டிட்டுப் போனா யார் சார் பூருவாங்க?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். விதி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி வீட்டு விஷயம். அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள், நான் கல்லூரியில் இருந்தேன். அன்றிலிருந்து அவளுக்குத் தலை சீவிவிட்டது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது, கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டால் திட்டியது எல்லாம் நான்தான். தியாகம் கியாகம் என்று பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது பாப்பா படிப்பு முடியட்டும் என்றேன். அவள் படிப்பு எங்கே முடிந்தது, முனைவர் பட்டம் வரை போய்விட்டாள். இப்போதும் வீட்டில் அவள் பாப்பாதான். அவளை நான் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

அவள் இதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் நல்ல வெளிச்சமுள்ள அறையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். கணினியை நானே பொருத்தி இணைத்தேன். முதுகு வலிக்காத நாற்காலி ஒன்றைக் கணினி மையத்திலிருந்து உருட்டிக்கொண்டு போனேன். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம், மாலையில் ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போவோம். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று கேட்பார். ரெண்டு பேரும் என்ற சொல்லைக் கேட்கத்தான் நான் வீட்டுக்குப் போவேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

வேலை கிடைத்ததை அவள் சாப்பிடும்போது சொன்னாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"போய்ட்டு வாடா கண்ணு. எங்களப் பத்திக் கவலப்படாத" என்றார்.

நானும் சந்தோஷம் என்றேன். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.  அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. சம்மதம் என்று அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள். அவர்கள் காகிதங்களை அனுப்ப வேண்டியது, இவள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியது, அவ்வளவுதான் பாக்கி. மாத இறுதிக்குள் அது முடிந்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

அன்று மதியம் அவள் அறைக்கு நெட்வொர்க் கேபிள் மாற்றப் போனேன். நெட்டை நூலகத்துக்குப் போயிருந்தான். பாப்பா ஃபோன் பேச மாடிப்படிக்குப் போயிருந்தாள், அந்த அறைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. திரை திறந்து கிடந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், கேக் வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உடன்பிறந்தவளுக்கே பாடம் நடத்தவேண்டியிருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேகூட இருந்தேன்.

அவளும் நெட்டையும் பேசிக்கொண்ட அரட்டைச் சாளரம் திரையில் அப்படியே இருந்தது. வாசிக்கக்கூடாதுதான். ஆனால் திரையைப் பார்க்கிற கண் எங்கே போகும்? அவள் எழுதியிருந்தாள்: "அக்கா என்னை அவ சென்டர்ல இருக்கற சர்வர் மாதிரி பாத்துக்கறா. சூடு ஏறாம, தூசி படாம, நல்லா பாத்துக்கறா. ஆனா ரூமை விட்டு வெளிய விடமாட்டா." கீழே அவன் எழுதியிருந்தான்: "நீ கிளம்பு. நான் அடுத்த வருஷம் வந்துடறேன். அங்கயே கல்யாணம் பண்ணிக்கலாம். அக்காகிட்ட எப்ப சொல்லப் போற?" அதற்கு அவள், "சொல்லணும். பாவம், தாங்கமாட்டா" என்று எழுதியிருந்தாள்.

பாவம் என்ற சொல்தான் என்னை என்னவோ செய்துவிட்டது. கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. மிகவும் நிதானமாக இருந்தேன். அந்த நிறுவனத்துக்கு நான்கைந்து வரி எழுதினேன். குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை, தங்கள் அன்புக்கு நன்றி, தகுதியான வேறொருவருக்கு இந்த இடம் பயன்படட்டும் என்று. மரியாதையான மின்னஞ்சல் அது. பாப்பா எப்போதும் கடைசியில் நலம் விழைந்து ஒரு வரி சேர்ப்பாள், அதையும் சேர்த்தேன். எல்லோருடைய அஞ்சலும் இருக்கும் சர்வரின் முழுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, நினைத்திருந்தால் என் நாற்காலியில் இருந்தபடியே எதையும் செய்திருக்கலாம். அந்த அதிகாரத்தை நான் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு அதன் நகலை அழித்தேன். அந்த நிறுவனத்திலிருந்து இனி எது வந்தாலும் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போகும்படி அவள் அஞ்சலில் ஒரு வடிகட்டியும் அமைத்தேன். கேக் வைப்பவர்கள் வடிகட்டி அமைக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான்.

எழுந்திருக்கும்போது அவள் திரையைப் பூட்டினேன். பழக்கம்.

அன்று மாலை பேருந்தில் பாப்பா உற்சாகமாக இருந்தாள். "அக்கா, இன்னைக்கு நான் எந்திரிக்கும்போது லாக் பண்ணிட்டுப் போயிருக்கேன் தெரியுமா? திரும்பி வந்து பாத்தா எனக்கே ஆச்சரியம். உன் புத்தி கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிச் சரிசெய்திருக்கலாம், காலம் தாழ்ந்துவிடவில்லை. மறுநாளும் மதியம் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

காகிதங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று அவளே அவர்களுக்கு ஃபோன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. நீங்கள்தான் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்களே, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்றார்களாம். வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அனுப்பலக்கா. சத்தியமா நான் அனுப்பல."

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "தெரியும்டா. நீ அனுப்பலன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவள் சின்ன வயதில் அழுதது போலவே அழுதாள், மூச்சு விட்டுவிட்டு. அந்த அழுகையின் கனம் இன்னும் என் மடியில் இருக்கிறது. எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஆண்டு அரங்கில் "நீங்களே பொறுப்பு" என்ற வரியை நான் வாசிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பின் வரிசையில் வழக்கம்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்குழு தொழில்நுட்ப அறிக்கையை யாரிடம் கேட்கும்? என்னிடம்தான் கேட்டது. தங்கை விஷயம், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். உங்கள் கைசுத்தம் எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மின்னஞ்சல் அவளுடைய கணினியிலிருந்து, அவளுடைய கணக்கிலிருந்து, வேலை நேரத்தில் போயிருக்கிறது. திரை பூட்டப்படாமல் இருந்திருக்கலாம். அறையைப் பயன்படுத்துபவர்கள் இருவர். கேபிள் மாற்றக் கணினி மையத்திலிருந்து யாராவது வந்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. மின்விசிறியையும் மேசையையும் போல எங்களையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த அரட்டையை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை. "நீ கிளம்பு" என்று அவன் எழுதியிருந்தது அவனுக்கு உதவியிருக்கும், தெரியும். ஆனால் தனிப்பட்ட உரையாடலை வாசிக்கக்கூடாது என்பது நம் விதி.

நெட்டையைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஆறடி உயரமும் கூனிப்போய் நின்றான். "கேக் வெப்பேன் சார். கழுத்த அறுக்கமாட்டேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். பாப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"ரிப்போர்ட்ல இருக்கறதத்தான்ப்பா நான் சொல்ல முடியும்" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேசையில் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் முடிவில் இப்படி எழுதினார்கள்: அவளைப் பிரிய மனமில்லாமல் செய்துவிட்டான். காரணம் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள், ஆளைத்தான் தவறவிட்டார்கள். அது அவளே அனுப்பியதுதானா என்று கேட்டிருந்த அந்த நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் பதில் போனது. எங்கள் விதிப்படி அவரவர் கணக்குக்கு அவரவரே பொறுப்பு, அனுப்பப்பட்டது அனுப்பப்பட்டதுதான் என்று. அந்தக் கூட்டத்திலும் இருந்த சட்டப் பேராசிரியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 

பாப்பாவும் அதை நம்பிவிட்டாள். "வாயால போன்னு சொன்னான், கையால நிறுத்திட்டான்" என்றாள். அதற்குப் பிறகு அவன் பேச்சை எடுக்கவில்லை, அவன் எண்ணையும் ஃபோனில் தடுத்துவிட்டாள். அவள் அதைச் சொன்னது போல் என் ஆயுளில் யாரும் என்னிடம் அவ்வளவு அமைதியாக எதையும் சொன்னதில்லை. அவளுக்கு அவனை இல்லாமல் ஆக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அது தானாக நடந்தது.

அப்பாவை நீங்கள் பார்த்துப் பேசியது எனக்குத் தெரியும். முந்தின குழு கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்த மதியம் பாப்பா ஏன் எழுந்து போனாள்? அப்பா ஃபோன் செய்தார். அப்பா ஏன் செய்தார்? அவருக்குப் பொய் சொல்ல வராது. "பெரியவதான், கண்ணுக்கு விடற மருந்து எங்கன்னு பாப்பாகிட்ட கேளுங்கன்னா" என்று சொல்லியிருப்பார். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்பா ஃபோன் என்றால் அவள் போட்டது போட்டபடி ஓடுவாள், பூட்ட நினைவிருக்காது. மருந்து என் கைப்பையில் இருந்தது. கேபிளிலும் பழுது கிடையாது. ஆகவே கேக் வைக்கத்தான் உட்கார்ந்தேன் என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்னதை நீங்கள் அடித்துவிடலாம். இத்தனை நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தப் பையன் மீது ஒரு குற்றமும் இல்லை. அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா இப்போது பக்கத்திலுள்ள கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். மாலையில் ஒன்றாக வீட்டுக்குப் போகிறோம். அப்பா "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்கிறார். அவள் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் கணினியில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்து, கதவைத் திறக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டுகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ அறுபடுகிறது. யாருக்காகப் பூட்டுகிறாள்? வீட்டில் கண் தெரியாத அப்பாவும் நானும்தான் இருக்கிறோம்.

விதியை மீறினேனா என்று நேரடியாகக் கேட்டால், ஒரு விதியை மீறியிருக்கிறேன், அதற்குத் தண்டனை கொடுங்கள். எல்லாம் முடிந்த அன்று அவள் என்னிடம் வந்து, "இனிமே என் பாஸ்வேர்ட் உங்கிட்டயே இருக்கட்டும்க்கா. மெயில திறக்கவே பயமா இருக்கு. முக்கியமா ஏதாச்சும் வந்தா நீ சொல்லு" என்றாள். பாஸ்வேர்டை யாரும் யாரிடமும் வாங்கக்கூடாது. நான் வாங்கிக்கொண்டேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை.

முக்கியமானது எதுவும் வரவில்லை. நெட்டைதான் எழுதிக்கொண்டே இருக்கிறான். நான் செய்யவில்லை, ஒரே ஒரு முறை பேசு என்று. அவன் ஒரு வரியாவது எழுதினானா என்று அவள் ஒருமுறை கேட்டாள், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று இல்லை என்றேன். எதையும் அழிக்கவில்லை, தனியாக ஒரு கோப்புறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்தவர் அஞ்சலை அழிப்பது தவறு.

அவளிடம் நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். பாவம், தாங்கமாட்டாள்.

இன்று காலை வந்த அந்தத் தாளையே பார்க்கிறீர்கள். அதில் உள்ள நேரத்தையும் பார்க்கிறீர்கள். ஆமாம், அது வந்த நேரத்தில் அவள் கல்லூரியில் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அதில் இருப்பதெல்லாம் அவள் மனசில் இருப்பதுதான். அவளிடம் கேட்டிருந்தால் அவளும் அப்படியேதான் எழுதியிருப்பாள். கடைசியில் நலம் விழைந்து ஒரு வரி இருக்கிறது பாருங்கள்.